ஹாரர் குறும்படத்துக்கு முன் ஆராய்ச்சி: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கோவையில் ஒரு சின்ன எடிட்டிங் ரூம் வைத்திருக்கிறேன். சோறு போடுவது கல்யாண வீடியோ. ஆனால் வருடா வருடம் தை பிறந்ததும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கடைசி வருடப் பிள்ளைகள் பென்டிரைவும் கையுமாக வந்துவிடுவார்கள், அதில் பாதிக்கு மேல் பேய்ப் படம். படத்தோடு சேர்த்து ஜானர், அதாவது பட வகை, அதன் கன்வென்ஷன் என்ன, ஆடியன்ஸ் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று ஒரு ரிப்போர்ட்டும் கொடுக்கவேண்டுமாம். கேள்விகள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றேதான். எழுதி வைத்துவிட்டால் அடுத்த தடவை டீ ஆறுவதற்குள் பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இது. கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணா, ஜானர் கன்வென்ஷன்னா என்னங்ணா? பேய், பங்களா, மழை, இதுதானுங்களே?

அது சாமான் பட்டியல். கன்வென்ஷன் என்பது எடுப்பவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவே உள்ள எழுதாத ஒப்பந்தம். ராத்திரி கதவு தட்டும் சத்தம் கேட்கிறது, உள்ளே இருக்கிறவர் “யாருங்க?” என்கிறார். குடும்பப் படம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். பேய்ப் படம் என்றால் பதில் வராது. அது வராது என்று பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியும், தெரிந்தும் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் நீங்கள் கையாளப் போகிறீர்கள்.

ரிப்போர்ட்டுக்காக மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணில் படுகிற, காதில் விழுகிற பொருள்கள் ஒன்று. கதை ஓடுகிற விதம் இன்னொன்று: புது வீட்டுக்கு வருவது, எச்சரிக்கையைக் கேட்காமல் போவது, ஒருவர் மட்டும் பார்த்ததை மற்றவர்கள் நம்பாதது. மூன்றாவது, எடுக்கிற விதம்: கேமரா எங்கே நிற்கிறது, ஃபிரேமில் எந்தப் பக்கம் காலியாக விடப்பட்டிருக்கிறது, சத்தம் எப்போது நிற்கிறது. முதலாவதை எல்லோரும் நாலு பக்கம் எழுதுகிறார்கள், மூன்றாவதை யாரும் தொடுவதில்லை. படம் நிற்பதோ விழுவதோ அந்த மூன்றாவதில்தான்.

எதுக்குங்ணா இந்த ரிசர்ச் எல்லாம்? நேரா ஷூட் போயிரலாமே.

நானும் அப்படித்தான் போனேன். கடைசி வருடம் 12 நிமிடப் படம், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, வெள்ளைச் சேலை, விரித்த தலை, வாடகைக்கு எடுத்த புகை மிஷின். கல்லூரி ஹாலில் போட்டோம். பேய் முதன்முதலில் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்ததும் ஹாலே சிரித்தது, பின் வரிசையில் ஒருத்தன் விசில் வேறு அடித்தான். பேயாக நடித்த பெண் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், கடைசி வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கே தப்பு என்று பிறகுதான் புரிந்தது. அது ‘காஞ்சனா’ (2011) ஓடி முடித்து, வரிசையாகக் காமெடிப் பேய்கள் வந்துகொண்டிருந்த சமயம். வெள்ளைச் சேலையைப் பார்த்தால் அடுத்து யாராவது இடுப்பில் ஏறிக் குதித்து ஓடுவார்கள் என்று பார்ப்பவர்கள் பழகியிருந்தார்கள். நான் பயத்துக்கு என்று வைத்த அடையாளம் அவர்களுக்குச் சிரிப்புக்கான அடையாளமாக மாறி ரொம்ப நாளாகியிருந்தது. பத்து பேரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

எத்தனை படம் பார்க்கணுங்ணா?

ஐந்து போதும். ஆனால் ஒவ்வொன்றையும் மூன்று தடவை. முதல் தடவை நிறுத்தாமல், போனைத் தொடாமல், சும்மா ரசிகனாக. இரண்டாம் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு. மூன்றாம் தடவை திரையைத் திருப்பி வைத்துவிட்டு வெறும் சத்தம் மட்டும். மூன்றாவதைச் செய்யச் சொன்னால் சிரிக்கிறார்கள், செய்துவிட்டு வந்தவர்கள் சிரிப்பதில்லை.

எதை எடுப்பது என்றால், ஒன்றுக்கொன்று ஒட்டாத படங்களாக எடுங்கள். ‘யாவரும் நலம்’ (2009): புது ஃபிளாட், டிவி சீரியல், சாதாரணக் குடும்பம். ‘டிமான்ட்டி காலனி’ (2015): நாலு பேர், பெரும்பகுதி ஒரே அறை. ‘பிசாசு’ (2014): பேய் கெட்டதே இல்லை. வெளியிலிருந்து ஜப்பானிய ‘ரிங்கு’ (1998). அப்புறம் கட்டாயமாக ‘லைட்ஸ் அவுட்’, 2013-ல் ஸ்வீடனில் டேவிட் சாண்ட்பெர்க் எடுத்தது, மூன்று நிமிடம்கூட இல்லை, நடித்தது அவர் மனைவி ஒருவர்தான். விளக்கை அணைத்தால் உருவம் தெரியும், போட்டால் தெரியாது, அவ்வளவுதான் கதை. அது 2016-ல் முழுநீளப் படமாகவும் ஆனது. உங்கள் படம் ஐந்து நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரப் படத்தைவிட இந்த மூன்று நிமிடம்தான் உங்களுக்கு வாத்தியார்.

பார்க்கும்போது நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள்: எந்த நிமிடம், எந்த நொடி, என்ன நடந்தது, எனக்கு என்ன ஆனது. “சூப்பரா இருந்துச்சு” என்பது குறிப்பு இல்லை. “11-வது நிமிடம், கதவு திறக்கும் முன் மூச்சை அடக்கியிருக்கிறேன்” என்பது குறிப்பு.

பேய்ப் படம்னா எல்லாம் ஒண்ணுதானுங்க, சப்-ஜானர்னு தனியா எதுக்கு எழுதணும்?

சப்-ஜானர் என்றால் வகைக்குள் வகை. இதற்கு இங்கிலீஷ் புத்தகம் தேடுவதற்கு முன் தொல்காப்பியத்தைத் திறந்து பாருங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரிகிற உணர்ச்சி, சொல்லி, அதில் அச்சம் எதனால் வரும் என்று நான்கைக் கணக்காகச் சொல்லியிருக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்றால் தெய்வம், பேய் வகை. விலங்கு என்றால் காட்டு மிருகம், இன்றைய கணக்கில் எல்லா ஜந்துப் படமும். கள்வர் என்றால் வீட்டுக்குள் நுழைகிற மனிதன், முகமூடிக் கொலைகாரன். இறை என்றால் அரசன். அதாவது நம்மைவிட அதிகாரம் உள்ளவன்.

நம் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு அணங்கிலேயே நிற்கிறார்கள். நாலாவதைத் தொட ஆளில்லை. ஹாஸ்டல் வார்டன் செருப்புச் சத்தம் காரிடாரில் வருகிறது, மில் சூப்பர்வைசர் ஷிப்ட் முடிந்தும் ஒரு பெண்ணை மட்டும் இருக்கச் சொல்கிறார்: இதற்குப் பேய் மேக்கப்பே வேண்டாம். சாயம் போட்ட ரத்தம், குடல் எல்லாம் தொல்காப்பியக் கணக்கில் அச்சம் இல்லை, அருவருப்பு, அதாவது இளிவரல் பக்கம். இரண்டும் வேறு. 1990-ல் நோயல் கரோல் என்ற தத்துவப் பேராசிரியர், ஹாரர் படத்துப் பூதம் அச்சத்தையும் அருவருப்பையும் சேர்த்துக் கிளப்புகிறது என்று எழுதினார். நீங்கள் இரண்டில் எதை நாடுகிறீர்கள் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினாலே வைவாவில் (வாய்மொழித் தேர்வு) பாதிக் கேள்வி குறைந்துவிடும்.

மிஸ் தியரி பேர் எல்லாம் எழுதச் சொல்றாங்க. எதை எழுதறதுங்ணா?

சினிமா ஆய்வாளர்கள் மூன்று பேர் போதும். ஸ்டீவ் நீல்: ஜானர் என்பது திரும்ப வருவதும் மாறி வருவதும் சேர்ந்தது என்றவர், 1980. ரிக் ஆல்ட்மன்: பொருள்கள் ஒரு அடுக்கு, அவை கோக்கப்பட்டிருக்கும் விதம் இன்னொரு அடுக்கு என்றவர், 1984. முதல் கேள்வியில் நான் சொன்ன முதல் இரண்டும் கிட்டத்தட்ட அதுதான். கேரல் குளோவர்: கடைசி வரை பிழைத்து நிற்கும் பெண்ணைப் பற்றி எழுதியவர். உங்கள் படத்தில் அப்படி ஒரு பெண் இல்லையென்றால் அவரை இழுக்காதீர்கள். சாந்துப்பொட்டு மாதிரிப் பேரை மட்டும் ஒட்டிவிட்டு வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

ஆடியன்ஸ் ரிசர்ச்சுக்கு ஒரு கூகுள் ஃபார்ம் போட்டா பத்தாதுங்களா?

ஃபார்ம் போடலாம், கேள்வியைத்தான் மாற்றவேண்டும். “உங்களுக்கு ஹாரர் படம் பிடிக்குமா? ஆம் / இல்லை” என்று கேட்டு 43 பேர் ஆம் போட்டார்கள் என்று பை சார்ட் போட்டால், அதை வைத்து ஒரு ஷாட்டைக்கூட மாற்ற முடியாது. நிரப்புகிறவர்களும் உங்கள் கிளாஸ் குரூப்பில் இருப்பவர்கள். நட்புக்காக நல்ல பதிலாகப் போடுவார்கள்.

நடந்ததைக் கேளுங்கள், கருத்தைக் கேட்காதீர்கள். “கடைசியாக எந்தப் படத்தில், எந்த இடத்தில் கண்ணை மூடினீர்கள்?” “பேய்ப் படம் பார்த்த ராத்திரி வீட்டில் எதைச் செய்யாமல் விட்டீர்கள்?” எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: “பொழுது சாய்ந்த பிறகு எந்த இடத்தைத் தாண்டும்போது நடையை எட்டிப் போடுவீர்கள்?” இதற்கு வந்த பதில்களை நான் பார்த்திருக்கிறேன். மில்லின் பின்பக்க கேட், ஸ்கூல் தண்ணீர்த் தொட்டி, இட்டேரியில், அதாவது தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில், வேலி இரண்டு பக்கமும் உயர்ந்துவிடும் அந்த நூறடி. ஒருத்தரும் பாழடைந்த பங்களா என்று எழுதவில்லை.

சர்வேல எல்லாரும் “ஜம்ப் ஸ்கேர் வேணும்”னு போட்டிருக்காங்க. வெச்சே ஆகணுங்களா?

கேட்டால் எல்லோரும் பிரியாணிதான் சொல்வார்கள். ஜம்ப் ஸ்கேர் என்றால் திடீரென்று ஒன்றைக் காட்டித் தூக்கிவாரிப் போட வைப்பது. அதில் நடப்பது உடம்பின் அனிச்சை. திடீர்ச் சத்தத்துக்கு யாரும் துள்ளுவார்கள், பிரஷர் குக்கர் விசிலுக்கும்தான். அதைப் பயம் என்று எண்ணி ஏமாறக்கூடாது. துள்ளி முடித்த அடுத்த நொடி சிரிப்பு வரும், அதோடு நீங்கள் சேர்த்து வைத்த இறுக்கமும் போய்விடும்.

1942-ல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் ராத்திரித் தெருவில் தனியாக நடக்கிறாள், பின்னால் ஏதோ வருகிறது, பாய்ந்துவிடும் என்று எண்ணுகிற நொடியில் சீறிக்கொண்டு குறுக்கே வந்து நிற்பது ஒரு பஸ். அந்தப் படத்தின் தயாரிப்பாளர் வால் லியூட்டன் பேரில் அந்த உத்திக்கே லியூட்டன் பஸ் என்று பேர். நம் ஊரில் அந்த பஸ்ஸுக்குப் பதில் மயில் இருக்கிறது. இருட்டில் கிளுவை வேலிக்குள்ளிருந்து மயில் படபடவென்று எழும்பினால் எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் குடியிருக்கும் யாரையும் கேளுங்கள். ஐந்து நிமிடப் படத்துக்கு அப்படி ஒன்று போதும், அதுவும் பொய்யானதாக இருக்கட்டும். உண்மையானது அதற்கப்புறம், சத்தமே இல்லாமல் வரட்டும்.

சஸ்பென்ஸ் பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன கணக்கும் தெரிந்திருக்கும். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி, தெரிந்துவிட்டால் 15 நிமிடப் பதைப்பு. சர்வேயில் கேட்டவர்கள் அந்த 15 நொடியைத்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் பேர் தெரிந்தது அது ஒன்றுதான்.

அப்ப ஃபார்மை நம்பாம, நேர்ல ஆடியன்ஸைப் பார்க்கறது எப்படிங்ணா?

ஒரு வீட்டு ஹால், ஐந்து பேர், விளக்கணைத்து ரஃப் கட்டையோ (முதல் சுற்று எடிட்டிங் முடிந்த படம்) அதே ஜானர் படம் ஒன்றில் பத்து நிமிடத்தையோ போடுங்கள். டிவிக்குப் பக்கத்தில் ஒரு போனை அவர்கள் முகத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள், முன்னாலேயே சொல்லி, சம்மதம் வாங்கி. அப்புறம் முகங்களைப் படத்தோடு நேரம் பொருத்திப் பாருங்கள். யார் எப்போது சோபாவில் பின்னால் நகர்ந்தார், யார் எப்போது போனை எடுத்தார். சிரிப்பு வந்தால் எப்போது வந்தது என்று பாருங்கள்: பயம் விட்டதும் வருகிற சிரிப்பு வேறு, பேயைப் பார்த்ததும் வருகிற சிரிப்பு வேறு. இரண்டாவதை நான் ஹாலில் முழுசாக வாங்கியிருக்கிறேன்.

ஐந்து பேரும் உங்கள் வயதாக இருக்கக்கூடாது. போன வருடம் கோபிப் பக்கத்துப் பையன் ஒருவன் ரஃப் கட்டை வீட்டில் போட்டிருக்கிறான். அவன் அம்மிச்சியும் (அம்மாவின் அம்மா) உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பேய் வந்தபோது அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார், ஒரு அசைவும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சாதாரண ஷாட். பொழுதிறங்கும் நேரம், பெண் கறிக்குழம்பைத் தூக்குப்போசியில் ஊற்றி மூடி எடுத்துக்கொண்டு அண்ணன் தோட்டத்துக்குக் கிளம்புகிறாள். அங்கே அம்மிச்சியின் கை வெற்றிலையோடு நின்றுவிட்டது. “கறிக்குள்ள கரித்துண்டு போடாம எடுத்துட்டுப் போறாளே, அவளுக்கு யாரும் சொல்லித் தரலீங்களா கண்ணு?” என்றாராம்.

பையனுக்கு அந்த வழக்கமே தெரியாது. கறிச்சோறு வெளியே எடுத்துப் போனால் காத்துக்கருப்பு பின்னால் வரும், அதனால் பாத்திரத்தில் ஒரு கரித்துண்டு போட்டுக் கொடுப்பார்கள். அவன் மறுநாள் ஒரே ஒரு ஷாட் சேர்த்து எடுத்தான்: அடுப்பங்கரைத் திட்டில் எடுத்து வைத்த கரித்துண்டு அங்கேயே கிடக்கிறது, வாசலில் பெண் செருப்பு மாட்டும் சத்தம். நாலு நொடி. ஹிட்ச்காக்கின் மேசைக்கடி குண்டு அதுதான். அடுத்த ஸ்கிரீனிங்கில் ஊர்க்காரர்கள் அந்த நாலு நொடியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள், பேயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை இன்னும்.

அந்த மாதிரி நம்பிக்கை எல்லாம் எங்கீங்ணா தேடறது? எங்க வீட்ல பெரியவங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க.

“பேய்க்கதை சொல்லுங்க” என்றால் சொல்லமாட்டார்கள், இல்லையென்றால் டிவியில் பார்த்ததைச் சொல்வார்கள். “சின்ன வயசுல எங்க போகக்கூடாதுன்னு சொன்னாங்க அப்புச்சி?” என்று கேளுங்கள். உச்சிப்பொழுதில் கிணற்றுமேட்டுக்குப் போகாதே, விளக்கு வைத்த பிறகு தலை வாராதே, ராத்திரி பின்னால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பாதே. இப்படி ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொரு “கூடாது”வும் ஒரு காட்சி. கேட்கிறபோது ரெக்கார்டரை மூஞ்சிக்கு நேரே நீட்டாதீர்கள், கடலைக்காய் உரிக்கிற நேரம் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் உரித்தபடி கேளுங்கள்.

இன்னொன்று: உச்சிப்பொழுதை விட்டுவிடாதீர்கள். ஹாரர் என்றால் ராத்திரி என்பது சினிமா கொடுத்த பழக்கம். நம் பெரியவர்கள் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கும் அதே அளவு பயந்திருக்கிறார்கள். லைட்டிங் செலவும் மிச்சம்.

முனி, கருப்பராயன் எல்லாம் பேயாக் காட்டலாமுங்களா?

நான் மாட்டேன். ‘முனி’ என்று 2007-ல் படமே வந்ததால் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு முனி என்றால் பிடித்துக்கொள்ளும் ஆவி. ஆனால் இங்கே பல குடும்பத்துக்கு முனியப்பனும் கருப்பராயனும் எல்லை காக்கிற சாமி, குலதெய்வம், கெடா வெட்டிப் பொங்கல் வைக்கிற இடம். பார்ப்பவர்களில் பாதிப் பேர் மனசில் காவல்காரனாக இருப்பவரை வில்லனாக்கினால் அவர்களுக்கு வருவது பயம் இல்லை, கோபம். காவல் சாமி கோயிலை அந்தப் பெண் கும்பிடாமல் தாண்டிப் போகிறாள் என்று காட்டுங்கள், அது வேலை செய்யும்.

அதே மாதிரி ஆனைமலை மாசாணியம்மனைக் கொண்டுவந்து பேயோட்டுகிற காட்சி வைத்த ஸ்கிரிப்ட் ஒன்று வந்தது. அங்கே மிளகாய் அரைப்பது நியாயம் கேட்க, திருட்டுப் போனது கிடைக்க, அநியாயம் செய்தவன் தண்டனை பெற. உள்ளூர்க்காரர் ஒருவர் பார்த்தால் முதல் நிமிடத்திலேயே “இந்தப் பசங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்று முடிவு கட்டிவிடுவார், அதற்கு மேல் எந்தப் பேயும் எடுபடாது.

பழைய பங்களா கிடைக்கலீங்ணா. லொகேஷன் இல்லாம எப்படி?

நடையை எட்டிப் போடும் இடம் எது என்ற கேள்விக்கு வந்த பதில்களைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், லொகேஷன் லிஸ்ட் அங்கேயே இருக்கிறது. ‘யாவரும் நலம்’ புது ஃபிளாட்டில் நடக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

ஒன்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு டக்கடக்க என்கிற தறிச் சத்தம்தான் தாலாட்டு. அதில் நன்றாகத் தூங்குவார்கள். கரண்ட் போய்த் தறி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் திடுக்கென்று விழித்துக்கொள்வார்கள். ஊரெல்லாம் சத்தம் வந்தால் பயம், அங்கே சத்தம் நின்றால் பயம். இதை வைத்து ஒரு பெண் படம் எடுத்தாள்: தறிக்குடோன், ராத்திரி ஷிப்ட், கரண்ட் போகிறது, எல்லாத் தறியும் நிற்கிறது, இருட்டில் ஒரு தறி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான், பேயே இல்லை. கோழிப்பண்ணையிலும் காற்றாலைக்கு அடியிலும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும், அங்கே வேலை பார்க்கிறவரிடம் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் தெரியும்.

தியேட்டர்ல பயமா இருந்த பி.ஜி.எம். போன்ல ஒண்ணுமே இல்லையேங்ணா?

போன் ஸ்பீக்கரால் அடித்தொண்டைச் சத்தத்தைக் கொண்டுவர முடியாது. நீங்கள் போட்ட அந்த ஆழமான உறுமல் அதில் காணாமலே போகும். உங்கள் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் எதில் பார்ப்பார்கள் என்று சர்வேயில் கேளுங்கள். போன் என்றால் கேட் கீல், தூக்குப்போசி வளையம், நின்றுபோகும் சில்வண்டு என்று மேல் சுருதிச் சத்தங்களை நம்புங்கள். அதுவும் ஒரு ஆடியன்ஸ் ரிசர்ச்தான்.

நம்ம வழக்குல வசனம் வெச்சா சிரிப்பு வந்துருமுங்களா?

வர வாய்ப்பு நிறைய. கவுண்டமணி, கோவை சரளா என்று எத்தனையோ வருடமாகச் சினிமாவில் நம் பேச்சு சிரிப்புக்கான பேச்சாகவே புழங்கியிருக்கிறது. வெளியூர்க்காரர் காதில் “ஏனுங்” என்று விழுந்ததுமே வாய் கோணும். என் வெள்ளைச் சேலைக்கு ஆன கதைதான் இதற்கும்.

ஆனால் இதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. சின்னக் குழந்தையைக்கூட “வாங்க, உக்காருங்க” என்று கூப்பிடுகிற ஊர் இது. அந்த மரியாதையைப் பேயிடம் கொடுங்கள். கத்தவேண்டாம், கண்ணை உருட்டவேண்டாம். இருட்டுத் திண்ணையிலிருந்து ஒரு குரல் மெதுவாக, “ஏங் கண்ணு, கறி கொண்டாந்தீங்களா? குடுத்துட்டுப் போங்க சாமி” என்கிறது. எழுதும்போதே எனக்கு ஒருமாதிரி இருக்கிறது. நடிக்கிறவர் இங்கே பிறந்தவராக இருக்கவேண்டும், மிமிக்ரி பண்ணினால் போச்சு. வசனத்தை மட்டும் ரெக்கார்டு பண்ணி, படம் இல்லாமல், உள்ளூர் ஆட்கள் ஐந்து பேருக்கும் வெளியூர் ஹாஸ்டல் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் போட்டுக் காட்டுங்கள். இரண்டு குரூப்பும் ஒரே இடத்தில் அமைதியானால் வைத்துக்கொள்ளுங்கள்.

பொண்ணு செத்து ஆவியா வந்து பழிவாங்கற கதைதான் எங்களுது. தப்புங்களா?

தப்பில்லை, அரதப்பழசு. அதில் எனக்குள்ள சங்கடம் வேறு: பேயை நியாயப்படுத்தவேண்டும் என்று ஃபிளாஷ்பேக்கில் அந்தப் பெண்ணுக்கு நடந்த கொடுமையை ரெண்டு நிமிடம் நின்று நிதானமாகக் காட்டுகிறார்கள், பேய்க்கு முப்பது நொடிதான். பார்ப்பவருக்கு மிஞ்சுவது அந்தக் கொடுமை மட்டும். அதைக் காட்டாமல் சொல்ல முடியுமா என்று பாருங்கள். மனநோயைப் பேயாகவும் பேயை மனநோயாகவும் மாற்றிக் காட்டும் திருப்பமும் அப்படித்தான், ‘சந்திரமுகி’ (2005) பார்த்த யாரும் அதை ஐந்து நிமிடம் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள்.

சார் “கன்வென்ஷனை உடைக்கணும்”ங்கறாரு. எல்லாத்தையும் உடைச்சா அது ஹாரரே இல்லையேங்ணா?

சரியான கேள்வி. ஒன்றை உடைத்தால் மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும், அப்போதுதான் உடைந்தது தெரியும். ‘ரிங்கு’வில் பேய் டிவியை விட்டு வெளியே வருவதற்கு முன்வரை படம் எல்லா விதியையும் மதித்து நடக்கிறது. திரைக்குள் இருப்பது வெளியே வராது என்ற ஒரே ஒரு நம்பிக்கையைத்தான் உடைக்கிறது. அது படம் பார்க்கிற நம் எல்லோருடைய நம்பிக்கையும்கூட.

செய்முறையாகச் சொன்னால், முதல் கேள்வியின் மூன்று பிரிவிலும் உங்கள் படத்தில் உள்ளதை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே “வைத்திருக்கிறேன்”, “மாற்றியிருக்கிறேன்” என்று குறியுங்கள். மாற்றியது மூன்றுக்கு மேல் போனால் ஐந்து நிமிடத்தில் யாருக்கும் புரியாது. ஒன்றும் இல்லையென்றால் அதை ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்கள்.

“உண்மைச் சம்பவம்”னு டைட்டில்ல போட்டா பயம் கூடுமுங்களா?

1999-ல் ‘பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’டை உண்மையிலேயே கிடைத்த டேப் மாதிரி விளம்பரம் செய்தார்கள், பலர் நம்பவும் செய்தார்கள். இன்று போட்டால் கமெண்டில் கலாய்ப்பார்கள். உங்கள் ஊரில் நிஜமாகவே கிணற்றில் விழுந்தவர், மில்லில் இறந்தவர் கதை என்றால் அந்த வீட்டார் பக்கத்துத் தெருவில்தான் இருப்பார்கள். இடத்தையும் ஆளையும் அடையாளம் தெரியாமல் மாற்றுங்கள், டைட்டிலில் ஒன்றும் போடாதீர்கள்.

டார்கெட் ஏஜ் என்னன்னு போடறது? சென்சார் எல்லாம் வேணுங்களா?

ரிப்போர்ட்டில் சும்மா “15 முதல் 35” என்று போடாமல், தணிக்கை வகைப்படி யோசியுங்கள். 2023 திருத்தச் சட்டத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. உங்கள் படம் எதில் விழும், ஏன் என்று இரண்டு வரி எழுதினால் நீங்கள் நினைத்த ஆடியன்ஸும் எடுத்த படமும் பொருந்துகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். 13+ என்று சொல்லிவிட்டு குடலை உருவினால் எங்கேயோ இடிக்கிறது.

அண்ணா, படம் எடுத்து முடிச்சாச்சு. நாளன்னைக்கு சப்மிஷன். இப்பத்தான் ரிசர்ச் எழுதணும், என்ன பண்றதுங்ணா?

இதுதான் நிஜமாகவே அதிகம் கேட்கப்படும் கேள்வி. முன்னால் செய்த மாதிரிக் கதை கட்டாதீர்கள். ஃபார்ம் பதில்களில் தேதியும் நேரமும் பதிவாகும். ஷூட் முடிந்த மறுவாரத் தேதியோடு “ப்ரீ-புரொடக்‌ஷன் சர்வே” என்று கொண்டுபோன ஒரு குரூப்பை வைவாவில் அந்தத் தேதியைக் காட்டியே மடக்கிவிட்டார்கள். இன்று ராத்திரியே ஐந்து பேரை உட்காரவைத்துப் படத்தைப் போடுங்கள், முகத்தைப் பதிவு பண்ணுங்கள். எங்கே சிரித்தார்கள், எங்கே போனை எடுத்தார்கள், எந்தக் கன்வென்ஷனை நம்பி வைத்தேன், அது ஏன் எடுபடவில்லை என்று நேரத்தோடு எழுதுங்கள். ஐந்து பேரில் ஒருவர் அறுபது தாண்டியவராக இருக்கட்டும், முடிந்தால் வெற்றிலை போடுகிறவராக.